அந்தரங்கமும் நாட்டுக் காவலும்

முன்னாளில் நம் ஊர்களுக்கு வந்த கடிதங்களில் இருவகை உண்டு. ஒன்று அஞ்சலட்டை; மற்றொன்று ஒட்டி மூடிய உள்நாட்டுக் கடிதம். ‘இங்கு யாவரும் நலம், மழை பெய்தது, நடவு முடிந்தது’ என்னும் செய்திகள் அட்டையில் வரும். அஞ்சற்காரர் அதனைப் படித்துக்கொண்டே வந்து, வாசலில் நின்று வாய்மொழியாகவே சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. அதை எவரும் குறையாகக் கொண்டதில்லை. ஆனால் பெண்ணுக்கு வரன் பேசும் செய்தி, தம்பி பட்ட கடன், மருத்துவர் சொன்ன நோயின் பெயர் ஆகியவை ஒட்டிய கடிதத்திலேயே வரும். பசை நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே அதனை அஞ்சற்பெட்டியில் இடுவார்கள். அவ்வாறு எழுதியவர்கள் குற்றம் ஏதும் செய்தவர்கள் அல்லர். தம் இல்லத்துச் செய்தி உரியவர் கண்ணில் மட்டும் படவேண்டும் என்று விரும்பியவர்கள், அவ்வளவே.

இன்று அந்தக் கடிதங்கள் அரிதாகிவிட்டன. வரன் பேச்சும், கடன் கணக்கும், மருத்துவ அறிக்கையும், வங்கிச் சேமிப்பும், வெளியூரில் வாழும் பிள்ளைகளின் குரலும் ஒரு கையகலக் கருவிக்குள் அடங்கி, இணையத்தின் வழியே சென்று வருகின்றன. இந்தக் கருவிக்குள் அரசு எட்டிப் பார்க்கலாமா? பார்க்கலாமெனில் யாருடையதை, எப்போது, எவ்வளவு? நம் இல்லங்களில் இக்கேள்வி எழும்போது இளையவர்கள், ‘எவரும் எப்போதும் பார்க்கலாகாது’ என்கின்றனர். மூத்தவர்களோ, ‘நாட்டின் பாதுகாப்புக்கு முன் இதெல்லாம் பெரிதா?’ என்கின்றனர். இரு கூற்றிலும் உண்மையின் ஒவ்வொரு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதைப் பொய்யென்று தள்ளுவது நம் மரபன்று. ஆதலின் இரண்டையும் பொறுமையோடு ஆராய்வோம்.

காவலின் நியாயம்

முதலில் அரசின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கடல்வழியாக மும்பைக்குள் புகுந்த 10 பேர், இரயில் நிலையத்திலும் விடுதிகளிலும் மருத்துவமனையருகிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டனர். 166 பேர் உயிரிழந்தனர். தாக்குதல் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவர்களை இயக்கியவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து இணையவழித் தொலைபேசியில் கட்டளையிட்டுக் கொண்டிருந்தனர். காவல்துறையினர் அவர்கள் பயன்படுத்திய எண்ணைக் கண்டறிந்து அவ்வுரையாடல்களைக் கேட்டனர், பதிவும் செய்தனர். உயிரோடு பிடிபட்ட ஒருவன் மீதான வழக்கில் 2012-இல் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, சதியை மெய்ப்பிக்கும் சான்றுகளுள் அப்பதிவுகளும் இடம்பெற்றன. அந்த இரவில் ஒட்டுக்கேட்டது தவறு என்று கூற யாருக்கேனும் மனம் வருமா?

மற்றொரு நிகழ்ச்சி நம் வாசலருகே நடந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே ஒரு சிற்றூர். திருமலைக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்களுக்குப் போளூர் அறியாத ஊரன்று. சென்னையிலிருந்து உறவினரோடு கோயிலுக்குப் புறப்பட்டு வந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு இனிப்பு கொடுத்தார். ‘பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்னும் பொய்ச்செய்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராகப் பரவியிருந்தது. கூட்டம் திரண்டது. அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். கொன்றவர்கள் கொடியவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் அல்லர். நேற்றுவரை வயலுக்குப் போய்வந்த மனிதர்கள். ஒரு கருவியில் வந்த சில வரிகள் அவர்கள் கையில் கல்லையும் தடியையும் கொடுத்தன.

‘அந்தப் பொய்யை முதலில் எழுதி அனுப்பியவன் யார்?’ என்று அரசு கேட்டால் அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. உயிர்களைக் காப்பது அரசின் தலையாய கடமை. அதற்கான கருவி எதுவும் அதன் கையில் இருக்கலாகாது என்பது அறமாகாது.

கதவைத் தட்டிய காவலர்

இனி மறுபக்கம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டார். சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவல்துறை அவர் பெயரில் ஒரு பதிவேட்டைத் திறந்தது. அதன்பின் இரவு நேரங்களில் ஊர்க்காவலரும் காவலரும் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவர். உறங்குபவரைக் கூவி எழுப்புவர். அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1962-இல் வந்த தீர்ப்பு, இரவில் வீடு தேடி வந்து எழுப்புவது செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் அரசியலமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்றும், ஒருவரது நடமாட்டத்தைக் குறித்து வைப்பதில் தவறில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பா ராவ் அதனை ஏற்காமல் மாறுபட்டு எழுதினார். தனி மனித சுதந்திரம் என்பதற்குள் அந்தரங்கமும் அடங்கும் என்பது அவர் கருத்து.

அந்தக் கருத்து சட்டமாக 55 ஆண்டுகள் ஆயின. ஆதார் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கிலிருந்து இக்கேள்வி மீண்டும் எழுந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அது எல்லையற்ற உரிமையன்று என்பதையும் அவர்களே கூறினர். அரசு அதில் குறுக்கிட வேண்டுமானால் மூன்று தேவை: அதற்கொரு சட்டம் இருத்தல் வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருத்தல் வேண்டும், குறுக்கீடு அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவைக் கடவாதிருத்தல் வேண்டும்.

கரக் சிங்கின் வழக்கில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அன்று காவலர் கதவைத் தட்டினார். ஆகவே தாம் கண்காணிக்கப்படுவது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் நீதிமன்றம் செல்ல முடிந்தது. இன்றைய கண்காணிப்பு கதவைத் தட்டுவதில்லை. உறங்குபவரை எழுப்புவதில்லை. நம் சொற்களைப் படித்தவர் யாரென்பதும், படித்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. அறியாத தீங்குக்கு எவ்வாறு முறையிடுவது? தீங்குற்றவர் வாய் திறக்க இயலாத இடத்தில், அவருக்காகக் கேட்க வேறொருவர் இருத்தல் வேண்டும். இவ்வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

‘குற்றமற்றவனுக்கு அச்சம் ஏன்? நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லையே!’ என்று நல்லவர் பலர் கூறக் கேட்கிறோம். அவர்கள் வீட்டு வாசலிலும் திரை தொங்குகிறது. பசை ஒட்டிய கடிதத்தை அவர்களும் அனுப்பியவர்களே. மறைப்பது எல்லாம் குற்றமன்று. தீராத நோயுற்றவர் அதனைத் தம் முதலாளி அறியவேண்டாம் என்று எண்ணுவதும், கணவனின் கொடுமையைப் பெண் தன் வழக்கறிஞருக்கு மட்டும் எழுதுவதும், அலுவலகத்தில் நடக்கும் ஊழலை ஓர் எழுத்தர் பத்திரிகையாளரிடம் தெரிவிப்பதும் மறைவில் நிகழ்வனவே. அந்த மறைவை எடுத்துவிட்டால் குற்றவாளி பிடிபடுவது உறுதியில்லை. இவர்கள் வாய் மூடிக்கொள்வது உறுதி.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இன்றைய ஆட்சி நல்ல ஆட்சியென்றே கொள்வோம். அது திரட்டிய செய்திகள் அதனோடு அழிந்துவிடுவதில்லை. நாளை வருபவர் கைக்கும் அவை செல்லும். நல்லவரை நம்பி நாம் திறந்துவைத்த கதவு, அவருக்குப் பின் வருபவருக்கும் திறந்தே கிடக்கும்.

ஒருவரும் அனைவரும்

மும்பையில் கேட்கப்பட்டது ஐயத்துக்குரிய ஓர் எண். அந்த நகரத்து மக்கள் அனைவருடைய பேச்சுமன்று. இவ்வேறுபாடு மிகப் பெரியது. அமெரிக்க அரசு தன் நாட்டுத் தொலைபேசி அழைப்புகளின் விவரங்களை ஐயம் எதுவுமின்றி மொத்தமாகத் திரட்டி வந்தது என்பதை 2013 ஜூன் மாதம் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்தினார். பேசிய சொற்கள் அதில் இல்லை. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம் என்னும் குறிப்புகள் மட்டுமே. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று தோன்றலாம். ஒருவர் காலையில் புற்றுநோய் மருத்துவரையும், பகலில் வங்கியையும், இரவில் தம் தமக்கையையும் அழைத்தார் என்று தெரிந்தால் போதாதா? பேசியதை யாரும் சொல்லவேண்டியதில்லை.

இத்திட்டத்தை ஆராய்ந்த அந்நாட்டு அந்தரங்க, குடிமையுரிமை மேற்பார்வைக் குழு, அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் குறித்த எந்த விசாரணையின் முடிவையும் இது குறிப்பிடத்தக்க வகையில் மாற்றியதாக ஒரு நிகழ்வையும் தன்னால் காண இயலவில்லை என்று 2014 ஜனவரியில் அறிவித்தது. 2015-இல் அம்மொத்தத் திரட்டலுக்குச் சட்டத்தின் மூலம் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. வைக்கோற்போரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஊசி கிடைத்துவிடாது. ஐயத்துக்குரிய ஒருவரைத் தேடுவது காவல். அனைவரையும் ஐயத்துக்குரியவராக்குவது காவலாகாது.

மாற்றுச் சாவி

இப்போது பல செயலிகளில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, இடையிலுள்ள நிறுவனமும் படிக்க இயலாதவாறு செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை வந்துள்ளது. குறியாக்கம் என்று அதனைச் சொல்கின்றனர். பழைய கடிதத்தின் பசைக்கு ஒப்பானது அது. ‘அப்பூட்டுக்கு மாற்றுச் சாவி ஒன்றை எங்களுக்கு மட்டும் செய்து கொடுங்கள்’ என்று அரசுகள் கேட்கின்றன. ஆனால் சாவிக்குத் தன் எஜமானன் யாரென்று தெரியாது. கிரேக்க நாட்டில் ஒரு செல்பேசி நிறுவனத்தின் இயந்திரங்களுக்குள், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென அமைந்திருந்த வசதியையே அறியாத எவரோ இரகசியமாக இயக்கி, 2004-க்கும் 2005-க்கும் இடையே பல மாதங்கள், நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சுகளைக் கேட்டனர். அவர்களுள் அந்நாட்டுப் பிரதமரும் ஒருவர். நாட்டைக் காக்கவென்று வைத்த துவாரத்தின் வழியே நாட்டின் தலைவரே ஒட்டுக்கேட்கப்பட்டார்.

நம் நாட்டில் 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்லும் வகையில் அமையவேண்டும் என்று கூறின. நோக்கம் நாம் மேலே கண்ட போளூர்த் துயரம் போன்றவற்றைத் தடுப்பதே. ஆயினும் எந்தச் செய்தி நாளை தேவைப்படும் என்பது இன்று தெரியாது. ஆகவே ஒன்றைக் கண்டறிய, கோடிக்கணக்கானோரின் ஒவ்வொரு செய்தியிலும் அடையாளம் இடவேண்டியதாகும் என்பது மறுப்பவர்களின் வாதம். வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. 2018 ஜூலையில் அதே நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பு கட்ட முற்பட்டது. பொய் பரவும் வேகத்தைக் குறைக்கும் அந்த முயற்சிக்கு எவருடைய கடிதத்தையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. உறையைக் கிழிக்காமலே செய்யக்கூடியது எது என்று முதலில் தேடுவதே அளவறிந்து நடத்தல்.

முற்றறிவும் வீதராகமும்

நம் ஆசாரியர்கள் இணையத்தைக் கண்டவர்கள் அல்லர். மனித மனத்தைக் கண்டவர்கள். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர், இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று இரகோப்யாக்கியானம். பிறர் தனிமையில் செய்ததையும் சொன்னதையும் வெளிப்படுத்துதல். மற்றொன்று சாகார மந்திரபேதம். வெளிக்குறிகளைக் கொண்டு பிறர் உள்ளக்கருத்தை ஊகித்தறிந்து வெளியிடுதல். அழைப்பின் நேரத்தையும் எண்ணையும் கொண்டு ஒருவர் வாழ்வைக் கணிப்பது இந்த இரண்டாவதற்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது! இவ்விரண்டிலும் சொல்லப்படுவது பொய்யன்று. உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் அது வாய்மைக்கு மாசு என்றே வைத்தனர். உண்மையாயிருத்தல் மட்டுமே ஒன்றை வெளிப்படுத்தும் உரிமையைத் தந்துவிடாது.

இதனினும் ஆழ்ந்த கருத்து ஒன்று நம் ஆகமத்தில் உண்டு. கேவலஞானி அனைத்தையும் அறிகிறார். நம் உள்ளத்து அழுக்கும் அவருக்குத் தெரியும். ஆயினும் அவர் முன் நாம் அஞ்சுவதில்லை. காரணம் அவர் வீதராகர். அவ்வறிவு தோன்றும் முறையையும் நாம் அறிவோம். முதலில் மோகனீய கர்மம் முற்றும் அழியவேண்டும். அதன் பின்னரே ஞானாவரணீயம் முதலியன நீங்கிக் கேவலஞானம் தோன்றும். விருப்பு வெறுப்பு முதலில் ஒழிதல், முற்றறிவு பிறகு. இந்த வரிசை மாறுவதே இல்லை.

அரசு என்பது மனிதர்களால் ஆனது. அவர்களுக்குப் பதவி ஆசை உண்டு, பகை உண்டு, தம்மவர், பிறர் என்னும் வேறுபாடு உண்டு. இது அவர்களை இகழ்வதற்குச் சொன்னதன்று, நாமும் அவ்வாறே. விருப்பு வெறுப்பு ஒழியாதவர் முற்றறிவை மட்டும் விரும்பிப் பெறுவாராயின், அவ்வறிவு பிறரைக் கட்டும் கயிறாகும். ஆகவே அரசின் கண்ணைக் குருடாக்கவும் வேண்டா. அதனை எல்லையின்றித் திறந்துவிடவும் வேண்டா. வீதராகம் இல்லாத இடத்தில் அதன் பணியைச் செய்யவேண்டியது வரம்பு.

வரம்பு எவ்வாறு அமைதல் வேண்டும்?

நம் நாட்டில் அதற்கொரு தொடக்கம் உண்டு. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்து எழுந்த வழக்கில், 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவரே ஆணையிட வேண்டும். வேறு வழியில் அச்செய்தியைப் பெற இயலுமா என்று முதலில் ஆராயவேண்டும். ஆணை இரண்டு மாதங்களில் காலாவதியாகும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதங்களுக்கு மேற்படலாகாது. மறுஆய்வுக் குழு ஒன்று அதனைச் சரிபார்க்க வேண்டும். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பின்னும், 2024 டிசம்பரில் வெளியான விதிகளில் இவ்வமைப்பே பெரும்பாலும் தொடர்கிறது.

குறையும் அதிலேயே இருக்கிறது. ஆணையிடுபவர் அரசு அதிகாரி. மறுஆய்வு செய்பவர்களும் அரசின் செயலர்களே. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் கடைக்காரரை நாம் நம்புவதில்லை; அவர் நேர்மையானவராகவே இருந்தாலும்! பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒட்டுக்கேட்க அமைச்சர் ஒப்புதல் தந்தால் மட்டும் போதாது. நீதித்துறை ஆணையர் ஒருவரும் அதனை ஆராய்ந்து ஒப்பவேண்டும். அவசர நிலைக்கு விதிவிலக்கு வைத்தாலும், ஆணைக்கு முன் ஒரு நீதிபதியின் கண் படுதல் வேண்டும் என்பது நம் நாட்டுக்கும் ஏற்றதே. கதவு தட்டப்படாத வீட்டுக்காரருக்காகக் கேள்வி கேட்க அங்கே ஒருவர் இருப்பார். காவலர் கைகளை அது கட்டிவிடாது. மும்பை போன்ற ஓர் இரவில் எந்த நீதிபதியும் மறுக்கப்போவதில்லை.

நம் இல்லத்திலிருந்து

அரசைப் பற்றி இவ்வளவும் பேசிய நாம் நம்மையும் சற்றே நோக்குதல் தகும். மகளின் கைப்பேசியை அவள் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பவர் நம்மில் இல்லையா? வரனுக்கென்று நம்பி அனுப்பிய பெண்ணின் படத்தையும் விவரத்தையும் பத்துக் குழுக்களில் பகிர்ந்தவர் இல்லையா? உறவினரின் மருத்துவ அறிக்கையைக் கேட்காமலே பிறருக்குக் காட்டியவர் இல்லையா? ‘காப்பதற்காகவே பார்த்தேன்’ என்று நாமும் சொல்கிறோம். அரசும் அதையே சொல்கிறது.

போளூர் மூதாட்டியைக் கொன்ற பொய், ஒருவர் எழுதியது மட்டுமன்று. ஆயிரம் பேர் அனுப்பியது. முதலில் எழுதியவனை அரசு தேடட்டும். இடையில் நின்று அனுப்பிய விரல் யாருடையது? மெய்யெனத் தெரியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாது நிறுத்துவது வாக்கடக்கமே. நாவின் வேலையை இன்று விரல் செய்வதால், அடக்கமும் விரலுக்கு வரவேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும் இவ்வளவு செய்தால், உறைகளைப் பிரிக்கும் தேவை அரசுக்கும் குறையும்.

நாடும் காக்கப்படவேண்டும், நம் கடிதங்களின் பசையும் காக்கப்படவேண்டும். அவ்வுறையைப் பிரிக்க வருபவரிடம், ‘எந்தச் சட்டத்தின்படி, எந்த ஐயத்தின் பேரில், எத்தனை நாளுக்கு, யாருக்குக் கணக்குச் சொல்லும் கடப்பாட்டோடு?’ என்று கேட்பது நாட்டுக்கு எதிரான செயலன்று; நல்ல குடிமக்களின் கடமையே ஆகும்.